கையில் கொடுத்தது

திருப்பதி
8 ஜனவரி 2024

மதிப்பிற்குரிய தவமணி அம்மா அவர்களுக்கு,

வணக்கம். நீங்களும் உங்கள் வீட்டாரும் சுகமாக இருக்க ஏழுமலையான் துணையிருக்கட்டும். என்னை உங்களுக்குத் தெரியாது. என் பெயர் ஷோபா, வயது முப்பது. திருப்பதியில் ரயில் நிலையத்துக்கு எதிரே ஒரு லாட்ஜில் ரிசப்ஷனில் வேலை செய்கிறேன். சொந்த ஊர் வெதுருகுப்பம் பக்கம். வீட்டில் தமிழ், வெளியே தெலுங்கு. தமிழில் கடிதம் எழுதியே ரொம்ப நாளாகிறது, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் யாழ்ப்பாணத்திலிருந்து சாமி பார்க்க வந்த ஒரு கூட்டம் எங்கள் லாட்ஜில் தங்கியது. பொன்னுத்துரை என்ற பெரியவர் மல்லாகத்துக்காரர் என்று அவருடைய பாஸ்போர்ட்டில் பார்த்தேன். "உங்கள் ஊரில் சைக்கிள் கடை வைத்திருந்த ஒருவரை எண்பத்தேழில் இந்திய ராணுவம் கூட்டிப் போனதா?" என்று கேட்டேன். அவர் சாவியைக்கூட வாங்காமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகுதான் உங்கள் பெயரையும் விலாசத்தையும் எழுதிக் கொடுத்தார். உங்களுக்குக் காது கேளாது, போன் சரிப்படாது, கடிதம் போடு என்றார்.

அந்த ராணுவத்தில் என் அப்பா கோவர்த்தனன் சிப்பாயாக இருந்தார், நாங்கள் நைனா என்போம். போன ஐப்பசியில் காலமானார். படுக்கையில் கிடந்தபோது என்னிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "எங்க கூட்டத்துல தமிளு தெரிஞ்சவன் நான் ஒருத்தன்தான். எந்த வூட்டுக்குப் போனாலும் என்ன முன்னால நிறுத்துவாங்க. மல்லாகத்துல சைக்கிள் கட வச்சிருந்தவரு வூட்லயும் உன் புருசன வெளிய கூப்டுன்னு நான்தான் சொன்னேன். அந்தம்மா களுத்துல இருந்தத அவுத்து என் கையில வச்சி அளுத்திச்சி. அவர விட்டுடுங்கன்னு கேட்டுக்கினே இருந்தது. நான் கைய மூடிக்கினேன்."

அப்புறம் என்ன ஆச்சு என்று கேட்டேன். தண்ணீர் வேண்டும் என்றார்.

அது ஒரு தாலிக்கொடி. அவருடைய பழைய பெட்டியில், யூனிபார்முக்கு அடியில் இருந்தது. உங்களுடையதா? ஆம் என்றால் நான் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லுங்கள், அதைச் செய்கிறேன். உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஷோபா


மல்லாகம்
11 பெப்ரவரி 2024

பிள்ளை ஷோபா அறிவது,

உன் கடிதம் வந்தது. நான் சுகம் என்றுதான் எழுத வேண்டும், எழுதுகிறேன். நீ சுகமாக இரு.

பதில் எழுத இத்தனை நாள் எடுத்ததற்குக் காரணம் கேட்காதே. உன் கடிதத்தை வாசித்துவிட்டு மடித்து வைப்பேன், பிறகு எடுப்பேன். மகள் சந்திரா, "அம்மா, தாள் கிழியப் போகுது" என்று ஏசினாள்.

என்னுடையதென்றால் அதில் பிள்ளையார் பதித்த கொம்புத்தாலி இருக்கும். ஒரு பக்கக் கொம்பு நெளிந்திருக்கும். என் மகன் பல் முளைத்த வயதில் கடித்தது. அவன் இப்போது கனடாவில் இருக்கிறான், அவனுக்கே தலை நரைத்துவிட்டது.

என் மனுசனின் பெயர் குணரத்தினம். கடைக்கு வந்த எல்லாருடைய சைக்கிளையும் திருத்தினவர். அதில் இயக்கப் பெடியன்களும் வந்தார்கள், பள்ளிக்கூட வாத்தியாரும் வந்தார். விசாரித்துவிட்டு விடுகிறோம் என்று கூட்டிப் போனார்கள். அதோடு சரி. செத்தார் என்று ஒருவரும் சொல்லவில்லை, இருக்கிறார் என்றும் சொல்லவில்லை. நான் பொட்டு வைக்கவும் இல்லை, அழிக்கவும் இல்லை. பிள்ளைகள் அந்தியேட்டி, அதுதான் செத்தவருக்குச் செய்கிற கடைசிக் காரியம், செய்து முடிப்போம் என்று கன காலமாகக் கேட்கிறார்கள். தாலியைக் கழற்றித்தானே அந்தக் காரியம். கழற்றுவதற்கு என்னிடம் இல்லையே.

அது வந்தால் ஒரு நாள் கழுத்தில் போட்டிருந்துவிட்டு, கீரிமலைக் கடற்கரையில் கழற்றி வைத்து அவரை அனுப்பி விடுவேன்.

தபாலில் போடாதே. கையில் கொடுத்தது கைக்குத்தான் வர வேண்டும். நீ கொண்டுவா.

தவமணி


திருப்பதி
27 பிப்ரவரி 2024

அன்புள்ள தவமணி அம்மாவுக்கு,

வணக்கம். இங்கே எல்லோரும் நலம். காது வலி இருக்கிறதா, கேளாமை மட்டும்தானா? மருந்து ஏதாவது போடுகிறீர்களா?

கொம்பு நெளிந்திருக்கிறது. உங்கள் கடிதத்தைப் படித்ததும் ஊருக்கு ஓடி, பெட்டியைத் திறந்து பார்த்தேன். பார்த்துவிட்டு அழுதேன். அம்மா மல்லிகா அடுப்படியிலிருந்து வந்து, "நைனாவ நெனச்சிக்கினியா?" என்று கேட்டாள். தலையை ஆட்டினேன்.

பாஸ்போர்ட்டுக்கு மனுக் கொடுத்துவிட்டேன். நானே கொண்டுவருகிறேன். லாட்ஜில் எனக்குக் கொடுத்திருக்கும் அறைக்குத் தாழ்ப்பாளே சரியில்லை. அதனால் தாலியை ஒரு புது மஞ்சள் துணியில் முடிந்து ஊரில் சாமி அலமாரியில் வைத்திருக்கிறேன். உங்கள் பொருள், மரியாதையாக இருக்கட்டும் என்றுதான். அம்மாவிடம் விஷயத்தையும் சொல்லிவிட்டேன்.

ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் தாத்தா அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்தவர். எங்கள் குடும்பத்தில் மாதச் சம்பளம் பார்த்த முதல் ஆள் நைனா. அந்தச் சம்பளத்தில்தான் எங்கள் மாந்தோப்பு வந்தது, என் படிப்பு வந்தது. இப்போது அம்மாவுக்கு வரும் பென்ஷனும் அதுதான். எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் இலங்கையில் சண்டை நடந்தது தெரியும். நாம் போய்ச் சண்டை போட்டோம் என்பது மட்டும் தெரியாது. எனக்கும் தெரியாது, நைனா சொல்லும்வரை. தோப்பில் மாம்பழம் தின்றபோதெல்லாம் இனித்துக்கொண்டுதான் இருந்தது. அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது அம்மா.

சீக்கிரம் வருகிறேன்.

அன்புடன்,
ஷோபா


மல்லாகம்
22 மார்ச் 2024

பிள்ளை ஷோபா அறிவது,

நான் இருக்கிறேன். காதில் வலி இல்லை, ஒரு இரைச்சல் மட்டும் ஓயாமல் இருக்கிறது. ஷெல் விழுந்த நாளிலிருந்து வந்தது. மோட்டார் போட்ட கிணற்றடியில் குடியிருக்கிற மாதிரி.

மாம்பழத்துக்கு வெட்கப்படாதே. நீ அப்போது பிறக்கவேயில்லை என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆனால் "எனக்குச் சம்பந்தமில்லை" என்று நீ எழுதியிருந்தால் நான் பதில் போட்டிருக்க மாட்டேன்.

நான் இருக்கிற இந்த வீடும் உங்கள் நாடு கட்டித் தந்ததுதான். நல்ல வீடு. திறப்பு விழாவுக்குக் கோட்டுப் போட்ட பெரிய ஆட்கள் வந்து, "குறை ஏதும் உண்டோ அம்மா?" என்று கேட்டார்கள். குசினியில் புகை போக வழியில்லை என்று சொன்னேன். எழுதிக்கொண்டு போனார்கள். மற்றக் குறையை நான் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. அன்றைக்குச் சொல்லியிருக்க வேணும் என்று இப்போது மனம் குடைகிறது.

உன் அப்பா அதற்குப் பிறகு ஏதும் சொன்னாரோ? என் மனுசனை எங்கே கொண்டுபோனார்கள், யாரிடம் கொடுத்தார்கள், ஒரு சொல் போதும். யோசித்து எழுது. எவ்வளவு கெட்டதாக இருந்தாலும் எழுது. நான் கேட்டுப் பழகினவள்.

தவமணி


திருப்பதி
6 மே 2024

அன்புள்ள தவமணி அம்மாவுக்கு,

வணக்கம். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? பதில் தாமதமாகிவிட்டது, கோபிக்காதீர்கள்.

நைனா அதற்குமேல் எதுவும் சொல்லவில்லை. எத்தனையோ முறை கேட்டேன். அவரோடு இருந்தவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று தேடினேன். சித்தூரில் ஒருவர் இருந்தார். "அதெல்லாம் இப்ப எதுக்கும்மா? ஆர்டர் வந்தது, மறுநாளே வேற எடத்துக்குப் போய்க்கினே இருந்தோம்" என்று சொல்லிவிட்டு எனக்கு மோர் கொடுத்தார். குடித்துவிட்டு வந்தேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

என் தம்பி கிரண்குமாருக்கு விபத்து. பங்காருபாளையம் மண்டிக்கு மாங்காய் ஏற்றிப் போன வண்டி புரண்டு வலது கால் இரண்டு இடத்தில் உடைந்துவிட்டது. உயிருக்கு ஆபத்தில்லை. அம்மாதான் ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்தம்மா வயிறு எரிஞ்சிருக்கும்டி, அதான் நம்ம புள்ளயப் புடிச்சிக்கிச்சி" என்று சொல்லிச் சொல்லி அழுகிறாள். ஸ்டியரிங் பிடித்தவன் தூங்கிவிட்டான், அதற்கு யாழ்ப்பாணத்து அம்மா என்ன செய்வாள் என்று திட்டினேன். கேட்கவில்லை.

பாஸ்போர்ட் வந்துவிடும் என்கிறார்கள்.

அன்புடன்,
ஷோபா


மல்லாகம்
28 மே 2024

பிள்ளை ஷோபா அறிவது,

உன் தம்பியின் கால் குணமாக வேண்டும் என்று பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தேன். உன் அம்மாவிடம் சொல். நான் ஒருவரையும் சபித்ததில்லை. முதலில் சபிக்க நேரமில்லை, இரண்டு பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு ஓடினேன். பிறகு சபிக்க ஆள் தெரியவில்லை.

ஆடி அமாவாசைக்குக் காரியம் வைத்திருக்கிறேன். ஐயருக்குச் சொல்லியாகிவிட்டது. மகன் கனடாவிலிருந்து டிக்கட் போட்டுவிட்டான். அதற்கு முன் நீ வந்தால் இங்கேயே தங்கலாம், வீடு பெரிது. உனக்கு உறைப்புக் கறி ஏலுமோ?

தவமணி


திருப்பதி
30 ஜூன் 2024

அன்புள்ள தவமணி அம்மாவுக்கு,

வணக்கம். நலம், நலமறிய ஆசை. இங்கே நல்ல மழை. இந்த வருஷம் மாங்காய்க்கு விலை இல்லை, மாம்பழக் கூழ் ஃபாக்டரி வாசலில் டிராக்டர்கள் நாள்கணக்கில் நிற்கின்றன. தம்பி கட்டையூன்றி நடக்கிறான். லாட்ஜில் கூட்டத்துக்குக் குறைவில்லை.

என்னால் வர முடியவில்லை. தம்பியை விட்டு நகர முடியாத நிலைமை. பொன்னுத்துரை ஐயாவின் மருமகள் சாமி பார்க்க வந்திருக்கிறார்கள். அவர்கள் கையில் தாலிக்கொடியைக் கொடுத்து அனுப்புகிறேன். கைக்குக் கைதானே அம்மா, என் கையாக நினைத்துக்கொள்ளுங்கள். காரியம் நல்லபடியாக நடக்கட்டும்.

நீங்கள் உறைப்பு பற்றிக் கேட்டிருந்தீர்கள். சாப்பிடுவேன்.

ஷோபா


மல்லாகம்
14 ஆகஸ்ட் 2024

ஷோபா அறிவது,

பொருள் வந்தது. காரியத்துக்கு முதல் நாள் முழுகிவிட்டு, சாமியறையில் மகளை வைத்துக்கொண்டு கழுத்தில் போட்டேன். மகன் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

வடிவாகச் செய்திருக்கிறது. பிள்ளையார் இருக்கிறார். கொம்பும் நெளிந்திருக்கிறது. ஆனால் வெளிப்பக்கம் நெளிந்திருக்கிறது. என் மகன் கடித்தது உள்பக்கம். அதைத் தடவிக்கொண்டுதான் அவனுக்குப் பால் கொடுத்தேன். கண் மறந்தாலும் விரல் மறக்காது பிள்ளை.

அடுத்த நாள் கீரிமலைக்குப் போனோம். ஐயர் காத்துக்கொண்டிருந்தார். கடலில் ஊரெல்லாம் முழுகிக்கொண்டிருந்தது. என்னால் ஏலவில்லை. எள்ளையும் தர்ப்பையையும் திருப்பிக் கட்டிக்கொண்டு வந்துவிட்டேன். மகன் என்னோடு கதைக்காமலே கனடாவுக்குப் போய்விட்டான். அவன் வேலைக்கு லீவு எடுத்து வந்த பிள்ளை, அவனைக் குறை சொல்ல மாட்டேன்.

நல்ல பவுன் என்று தட்டான் சொன்னான். நான் கேட்டது பவுன் இல்லை. உங்கள் ஆட்கள் எங்களுக்கு எப்போதும் இப்படித்தான். கேட்டது ஒன்று, தருவது ஒன்று. தருவது நல்லதாகத்தான் இருக்கும். வீடு நல்ல வீடு. தாலியும் நல்ல தாலி. நீயும் அப்படிச் செய்வாய் என்று நான் நினைக்கவில்லை.

என்னுடையது எங்கே?

தவமணி


திருப்பதி
2 செப்டம்பர் 2024

தவமணி அம்மாவுக்கு,

வணக்கம் என்று எழுதவே கூச்சமாக இருக்கிறது.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம். வீட்டில் கஷ்டம் வந்தால் ஒரு காசையோ நகையையோ மஞ்சள் துணியில் முடிந்து சாமி முன்னால் வைப்போம். முடுப்பு என்போம். முடிந்துவிட்டால் அது வீட்டுக்குச் சொந்தமில்லை, ஏழுமலையானுக்குச் சொந்தம். மலைக்கு எடுத்துப் போய் உண்டியலில் போட்டே ஆக வேண்டும், வைத்திருந்தால் குற்றம். எங்கள் பக்கத்துக் குழந்தைக்குக்கூட இது தெரியும். உங்கள் தாலியை மஞ்சள் துணியில் முடிந்து சாமி அலமாரியில் வைத்தவள் நான்தான். என் கூறுகெட்ட புத்தியை என்ன சொல்வது.

தம்பி ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வாரம் அம்மா மலைக்குப் போனாள். அலமாரியில் இருந்த முடுப்புகளோடு அதையும் எடுத்துப் போய்ப் போட்டுவிட்டாள். தெரியாமல் நடந்த தவறு.

மலையில் வேலை செய்யும் தெரிந்தவர் ஒருவரிடம் போய் நின்றேன். அவர் நல்ல மனிதர், உட்கார வைத்துப் பேசினார். "உள்ள போனது சாமிது, அம்மா தல்லி. தவறி விழுந்த மோதிரத்துக்காகவே எத்தன பேர் வந்து அழறாங்க. அந்தத் தங்கக் குவியல்ல எதன்னு தேடறது?" என்றார். அவர் சொன்னது நியாயம்தான். திரும்பி இறங்கினேன்.

அதன் பிறகுதான் நகரியில் ஒரு ஆசாரியிடம் என் வளையலைக் கொடுத்து அதைச் செய்தேன். கொம்பை நான்தான் நெளிக்கச் சொன்னேன். எந்தப் பக்கம் என்று அவர் கேட்டார். எனக்கு நினைவில்லை. சும்மா ஒரு பக்கம் கை காட்டினேன். உங்கள் மனம் ஆற வேண்டும் என்று நினைத்துத்தான் செய்தேன். என் மனம் ஆறத்தான் செய்திருக்கிறேன் என்று இப்போது தெரிகிறது.

என்ன தண்டனை கொடுத்தாலும் ஏற்றுக்கொள்கிறேன்.

ஷோபா


மல்லாகம்
5 ஒக்டோபர் 2024

ஷோபா அறிவது,

தண்டனை கொடுக்க நான் யார்? ஒரு மாதம் யோசித்தேன். கோபம் வருகிறது, பிறகு போகிறது, பிறகும் வருகிறது.

பெப்ரவரியில் நீ எழுதிய கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். அம்மாவிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டேன் என்று அதில் எழுதியிருக்கிறாய். அது என்னுடையது என்று அவவுக்குத் தெரியும். பிறகு எப்படித் தெரியாமல் நடக்கும்?

ஒருவரும் நேர்த்திக்கடன் இல்லாமல் உண்டியலில் நகை போட மாட்டார்கள். என் தாலியைப் போட்டு உன் அம்மா என்ன கேட்டா? எனக்கு அது தெரிய வேணும். நீ மறைக்காமல் எழுத வேணும். இனி உன்னிடம் கேட்க வேறு ஒன்றும் இல்லை.

தவமணி


திருப்பதி
24 அக்டோபர் 2024

அன்புள்ள தவமணி அம்மாவுக்கு,

நீங்கள் சுகமாக இருக்க வேண்டும். இதை நான் வழக்கத்துக்காக எழுதவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனேன். அம்மா தோப்பில் களை வெட்டிக்கொண்டிருந்தாள். உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது. கேட்டுவிட்டுக் களைக்கொத்தைக் கீழே வைத்தாள்.

"முடுப்புன்னு நெனச்சிதான போட்ட?" என்று கேட்டேன். அப்படித்தான் என்று சொல்லிவிடுவாள், உங்களுக்கு அதையே எழுதிவிடலாம் என்று எனக்கு ஒரு ஆசை இருந்தது.

"எனக்கின்னா கண்ணு அவிஞ்சா பூடுச்சி? எதுன்னு தெரிஞ்சிதான் எடுத்துக்கினு போனேன்" என்றாள்.

"இன்னா வேண்டிக்கின?"

மறுபடியும் கொத்தை எடுத்து வெட்டினாள். நான் அங்கேயே நின்றேன். கிரணுக்குக் கால் சரியாக வேண்டும் என்றாயா, நைனாவுக்கு நல்ல கதி வேண்டும் என்றாயா என்று நானே எடுத்துக் கொடுத்தேன். இல்லை என்று தலையாட்டினாள். அப்புறம் சொன்னாள்.

"அந்தம்மா நம்மள மறந்துடணும்னு வேண்டிக்கினேன். உங்க நைனா சாவுற வரைக்கும் மறக்கல. ஒரு நாளு நிம்மதியாச் சோறு துன்னது கெடையாது, அந்த மனுசன். அந்தம்மாவாவது மறந்துடட்டும். மறந்துட்டா அதுக்கும் நல்லது, நமக்கும் நல்லதுன்னு சாமிகிட்ட சொல்லிட்டு வந்தேன்."

சொல்லிவிட்டு, "சாப்ட்டுட்டுப் போ" என்றாள். அவளை என்ன செய்வது அம்மா? அவள் வாய்விட்டுக் கேட்ட மறதியைத்தான் எங்கள் ஊரில் எல்லோரும் கேட்காமலே வாங்கிக்கொண்டிருக்கிறோம். நானும் அந்த வளையலை உருக்கியபோது அதைத்தான் கேட்டிருக்கிறேன்.

தாலியை என்னால் கொண்டுவர முடியாது. உங்கள் கணவர் என்ன ஆனார் என்று சொல்லவும் என்னிடம் ஆள் இல்லை. பாஸ்போர்ட் வந்து மேசையில் கிடக்கிறது. வெறுங்கையோடு வா என்று நீங்கள் சொன்னால் வருகிறேன், வராதே என்றால் வரமாட்டேன்.

நேற்று வேலை முடிந்து அலிபிரிக்குப் போனேன். மலை ஏறவில்லை. அடிவாரத்தில் நின்று, அம்மா வேண்டிக்கொண்டது பலிக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். உண்டியலில் போட என் கையில் எதுவும் இல்லை.

அங்கே மழைக்காலம் தொடங்கியிருக்கும். காதுக்குப் பஞ்சு வைத்துக்கொள்ளுங்கள். கோபமாக இருந்தாலும் எழுதுங்கள்.

ஷோபா